நாலு சொல்லாத நாள்

அந்தப் பட்டறையில் வண்டி கழுவும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், தண்ணீர்க் குழாய் ஒரு மூலையிலும் கழுவும் இடம் எதிர் மூலையிலும் இருந்தன. ஒரு காருக்குப் பதினாறு வாளி. எனக்கு இடது தோளில் ஏற்கெனவே பிடிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களோ என்று பயம். ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால், சுவரோரமாக ஒரு நீளமான ரப்பர் குழாய் கழுவும் இடம்வரை வந்து சுருண்டு கிடந்தது. புதுசு இல்லை. வேண்டாமென்று தூக்கிப்போட்ட துண்டுகளைச் சேர்த்து, ஒட்டுக்கு ஒட்டு இரும்புக் கிளிப் போட்டு முடுக்கியது.

யார் செய்தது என்று கேட்டேன். இஞ்சின் வேலை பார்க்கிறவர், "வானத்துலேருந்து விழுந்திருக்கும். பேசாம கழுவுக்கா" என்றார்.

கிளிப்புகளை உற்றுப் பார்த்தேன். ஒன்பது கிளிப்பிலும் திருகின் தலை மேலே பார்த்து இருந்தது. அடுத்துக் கழற்ற வருகிறவன் கைக்கு எட்ட வேண்டுமே என்று நினைத்து முடுக்குகிற ஆள் அங்கே ஒருத்தர்தான். பிரேக் வேலை பார்த்த தம்பி. நன்றி சொல்லப் போனேன். "எந்தக் குழாய்க்கா?" என்று கேட்டுவிட்டு ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் நகரும்வரை வெளியே வரவில்லை.

அவரைப் பட்டறையில் எல்லாரும் 'நாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் உண்டு.

காரை நம் கால்தான் பிடித்து நிறுத்துகிறது என்று நினைக்கிறோம். கால் எண்ணெயைத்தான் அழுத்துகிறது. பெடலை மிதித்தால், மெல்லிய குழாய்களுக்குள் அடைபட்டிருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோகும். அங்கே ஒரு பிஸ்டன் வெளியே நகர்ந்து, சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வ வைக்கும். கவ்வுகிற கட்டைகளுக்குப் பேட் என்று பெயர். தேய்ந்துபோனால் புதுப் பேட் போடவேண்டும். புதுசு தடிமனாக இருக்கும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் வெளியே வந்திருக்கும் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளுவார்கள். வேலை முடிந்த பிறகும் பிஸ்டன் உள்ளேயே ஒதுங்கி நிற்கும். அப்போது முதல் மிதி வெறும் மிதி. பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாவது மிதிக்குப் பிஸ்டன் கொஞ்சம் வரும். மூன்றாவதில் பேட் தட்டைத் தொடும். நாலாவதில் பெடல் கல்லாகிவிடும்.

அதனால் பேட் மாற்றி முடித்ததும் அவர் ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!" என்று சொல்லி மிதிப்பார். நாலு காதில் விழாமல் அந்த வண்டியை முதலாளிகூட நகர்த்தமாட்டார். எங்கேயும் எழுதி ஒட்டின சட்டம் இல்லை. அவர் கொண்டுவந்த வழக்கம், எல்லாருக்கும் ஊறிப்போயிற்று.

"கல்யாணத்தன்னைக்கும் நாலு சொல்லிட்டுத்தான் மணமேடையில உக்காந்தானாம்" என்பார் இஞ்சின்காரர்.

"அன்னைக்குச் சொல்ல மறந்துட்டேண்ணே. அதான் வீட்டுல பேச்சு நிக்காம ஓடுது."

"நான் ஓட வைக்கிறேன், நீ நிறுத்துறே. நம்ம ரெண்டு பேர்ல யாருடா பெரிய ஆளு?"

"உங்களுது நின்னுபோனா திட்டுவாங்க. என்னுது நிக்கலேன்னா திட்ட ஆளு இருக்கமாட்டாங்க."

இப்படி நாள் முழுக்க இருவரும் வாயாடிக்கொண்டே வேலை செய்வார்கள்.

தம்பி பத்தொன்பது வயதில் அங்கே வந்தவர். பெற்றவர்கள் இல்லை. சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தவர். கையில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை. முதல் வருஷம் பஞ்சர் ஒட்டினார். அப்புறம் இஞ்சின் பக்கம் போட்டுப் பார்த்தார்கள். உறிஞ்சுவது, அமுக்குவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என்று இஞ்சினுக்கு உள்ளே நடக்கிற நாலு வேலையையும் கடகடவென்று ஒப்பிப்பாராம். ஆனால் மனசு பிரேக்கில்தான் போய் நின்றது. இரண்டு வருஷத்தில், பெடலில் காலை வைத்தாலே எந்தச் சக்கரம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். முதலாளிக்கு அவரைப் பிடித்துப்போய்த் தன் தங்கையையே கொடுத்தார். பட்டறைக்கு மேலே இருக்கிற இரண்டு அறையில் குடிவைத்தார். ஒரு மகள் பிறந்தாள். வேலை, வீடு, பெண்டாட்டி, பிள்ளை எல்லாமே ஒரே மனுஷரின் கையைப் பிடித்துத் தொங்கின. அதை அவர் ஒரு பாரமாக நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் மேலேயிருந்து மகள், "அப்பா, சோறு ஆறுது! அம்மா ஆரம்பிச்சுட்டாங்க!" என்று கத்துவாள். இவர் சிரித்துக்கொண்டே படியேறுவார்.

அது ஒரு புதன்கிழமை. டீச்சர் என்று எல்லாரும் சொல்கிற ஒரு அம்மா தன் சின்ன வெள்ளைக் காரைக் கொண்டுவந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் சொல்பேச்சுக் கேட்காது. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். வாரத்தில் மூன்று நாள் அவரை உடற்பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது டீச்சர்தான். அவரே ஓட்டுவார், அவரே இறக்குவார், அவரே ஏற்றுவார்.

அன்றைக்கு முன்சக்கரம் இரண்டுக்கும் புதுப் பேட். கூட வந்திருந்த ஐயா, அதாவது அவர் வீட்டுக்காரர், ஓரமாக ஒரு நாற்காலியில் காத்திருந்தார். நான் பின்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி சக்கரத்தை மாட்டி, நட்டு முடுக்கி, ஜாக்கியை இறக்கினார். கதவைத் திறக்கப் போன அதே நேரம் இஞ்சின்காரர், "நாலு, ஓடி வாடா, சங்கிலி நழுவுது!" என்று அலறினார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு வேன் இஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. தம்பி ஓடிப்போய் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "தம்பி, முடிஞ்சுதாப்பா? அவருக்கு பன்னெண்டு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க."

முகமெல்லாம் வேர்வை, கையில் அத்தனை பாரம். "முடிஞ்சுது டீச்சர். சாவி வண்டியிலேயே இருக்கு."

ஆயிரம் தடவை செய்த வேலை. செய்துவிட்டதாகவே மனசு சொல்லியிருக்கிறது. எனக்கும் நாலு காதில் விழவில்லைதான். நான் துணியை அலசப் போனபோது சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதிலுக்காக இன்றைக்கும் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பட்டறை வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இறங்கும். டீச்சர் வீட்டுக்காரரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்தார். வண்டி மெதுவாக நகர்ந்து சரிவுக்கு வந்தது. அப்புறம் மெதுவாக இல்லை. தெருவைக் குறுக்கே கடந்து எதிர்வீட்டு மதிலில் முட்டி நின்றது. மூன்றாவது மிதியோ நாலாவது மிதியோ பிடித்ததால்தான் அந்த அளவோடு போயிற்று. முன்பக்கம் நசுங்கியது. டீச்சருக்கு ஒன்றுமில்லை. ஐயா, நன்றாக இருந்த இடது கையை முன்னால் ஊன்றிவிட்டார். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

முதலில் ஓடியது இஞ்சின்காரர். ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து கையாலேயே பெடலை அமுக்கிப் பார்த்தார். "பிரேக் கல்லு மாதிரி இருக்கே" என்றார். சொன்னவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

அந்தத் தப்பு அப்படிப்பட்டது. மிதிக்க மிதிக்கத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அப்புறம் எந்தப் பெரிய நிபுணன் வந்து பிரித்துப் பார்த்தாலும் ஒரு தடயமும் கிடைக்காது.

முதலாளி வந்தார். "டீச்சரம்மா, பதட்டத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டீங்களோ?" என்று தன்மையாகக் கேட்டார்.

டீச்சர், "இல்லையே, பிரேக்கைத்தானே..." என்று ஆரம்பித்து, கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். "அப்படித்தான் இருக்கும். வயசாகிடுச்சு இல்ல? கால் மாறிப்போச்சு" என்றார். விசாரிக்க வந்த போலீஸ்காரரும் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு அதையே எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் முதலாளி தம்பியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். நான் வெளியே பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, மிதிச்சியா?"

தம்பி இல்லையென்று தலையசைத்தார்.

"யார் கேட்டாலும் மிதிச்சேன்னு சொல்லு. வண்டியை நம்ம செலவுலேயே சரிபண்ணிக் குடுத்துடலாம். ஆஸ்பத்திரி செலவும் நம்மதான். அதுக்கு மேல நீ வாயைத் திறந்தே, நாளைக்கு ஒருத்தனும் இந்த வாசல்ல வண்டி விடமாட்டான். ஒம்பது குடும்பம் இருக்கு. உன் குடும்பமும் அதுல ஒண்ணு."

முதலாளி கெட்டவர் இல்லை. சொன்னபடி எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டார். பயந்துவிட்டார், அவ்வளவுதான். பயந்தது அவர் மட்டுமா? நாலு சொல்லவில்லை என்பது அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் குனிந்து வேலை பார்த்தோம்.

அதற்கப்புறம் தம்பி ஒவ்வொரு வண்டியிலும் முப்பது தடவை, நாற்பது தடவை மிதித்தார். எண்ணுவதில்லை. சத்தமே இல்லாமல் மிதித்துக்கொண்டே இருப்பார். டீ குடிக்கும்போதும் வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருக்கும். இஞ்சின்காரர் சீண்டிப் பார்த்தார். "என்னடா, தையல் மெஷின் வாங்கிட்டியா?" தம்பி சிரிக்கவில்லை. இஞ்சின்காரரும் அதற்குப் பிறகு சீண்டவில்லை. மேலேயிருந்து அவர் மனைவி குரல் கேட்கும். "எங்க அண்ணன் சொன்னா கேட்டுக்கிட்டு இருங்களேன். உங்களுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு மனசாட்சி? எம் பொண்ணைக் கூட்டிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நிக்கிறது?" அந்தப் பெண் கேட்டதும் நியாயம்தான். அவளுக்கும் பயம்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, கழுவும் இடத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்தார்.

"சாப்பிடலையா தம்பி?"

"அந்த அம்மா, தன் கால்தான் தப்பு பண்ணுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்கக்கா. ராத்திரி தூங்குவாங்களா?"

எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். "மனசை விடாதீங்க. எல்லாம் கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியும்க்கா. டீச்சருக்குத்தான் தெரியாது."

 நான் நம்பிக்கையோடு கும்பிடுகிறவள். ஆனாலும் அன்றைக்கு வீட்டில் விளக்கின் முன் உட்கார்ந்தபோது, வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகள் வரவில்லை.

பத்தாம் நாள் டீச்சர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். கூடவே ஐயா, கையில் மாவுக்கட்டோடு. இப்போது இரண்டு கையும் உதவாது. டீச்சர்தான் ஊட்டிவிட வேண்டும் என்று அவரைப் பார்த்ததுமே புரிந்தது. வெள்ளைக் கார் முன்பக்கம் சரிசெய்யப்பட்டுத் தயாராக நின்றது.

டீச்சர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். வித்துக் குடுத்துடுங்க. இனிமே நீ ஓட்டவே கூடாதுன்னு மகன் சொல்லிட்டான். எனக்கும் தைரியம் இல்ல" என்றார் முதலாளியிடம். அதோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து, வண்டிக்கு அடியிலிருந்து எழுந்த தம்பியின் முன்னால் நின்றார். "தம்பி, நீ ஒழுங்கா வேலை செஞ்சு குடுத்தே. என்னால உன் வேலைக்குக் கெட்ட பேர் வந்திருக்கும். மன்னிச்சுக்கப்பா" என்று கையைக் கூப்பினார்.

தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், உங்க கால் தப்பு பண்ணலை. நான்தான் பெடலை மிதிச்சு ஏத்தாம வண்டியைக் குடுத்துட்டேன்."

முதலாளி அவசரமாகக் குறுக்கே வந்தார். "அவன் கொஞ்சம் இளகின மனசுக்காரன், டீச்சரம்மா. நீங்க கைகூப்பினதும் தாங்கலை."

டீச்சரும் அதைத்தான் நம்பினார். லேசாகச் சிரித்து, "நல்ல மனசுப்பா உனக்கு. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம். போலீஸ்காரரே மிதிச்சுப் பார்த்தாரே, பிரேக் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

உண்மையைச் சொல்லியும் எடுபடவில்லை.  தம்பி உள்ளே போய், டீச்சரும் ஐயாவும் உட்கார இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். "அரை மணி நேரம் இருங்க" என்றார். ஜாக்கியை எடுத்து வெள்ளைக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினார்.

"மாப்ளே, என்ன பண்றே? இறக்கு வண்டியை" என்றார் முதலாளி. தம்பி வலதுபக்கச் சக்கரத்தைக் கழற்றினார். "உன்னைத்தான் சொல்றேன்!" இவர் பேட்டை எடுத்தார். முதலாளி மற்றவர்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. இஞ்சின்காரர் மட்டும் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, இடதுபக்கம் போய் உட்கார்ந்து, அந்தச் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார். 

இருவரும் இரண்டு பக்கமும் பிஸ்டனை உள்ளே நெம்பினார்கள். அதே பேட்டுகளைத் திரும்பப் போட்டார்கள். சக்கரத்தை மாட்டி இறக்கினார்கள். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார்கள். அப்புறம் தம்பி ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தார்.

"வந்து உக்காருங்க டீச்சர். வண்டி நகராது. பயப்படாதீங்க. இஞ்சினைப் போட்டுட்டு, அன்னைக்கு எப்படி மிதிச்சீங்களோ அப்படியே மிதிங்க."

டீச்சர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். இஞ்சின் உறுமியது. மிதித்தார்.

பெடல் தரைவரை போயிற்று.

அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. மறுபடியும் மிதித்தார், பாதி போயிற்று. மறுபடியும். மறுபடியும். நாலாவது மிதியில் கால் நின்றுவிட்டது.

"இதுதான்" என்றார் டீச்சர். "இதேதான். வெறும் காத்தை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்." பிறகு நாற்காலியில் இருந்த கணவரைப் பார்த்து உரக்கச் சொன்னார். "ஏங்க, நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்!"

ஐயா தலையை ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் இறங்கிற்று. துடைக்க அவருக்குக் கை இல்லை. நான் போய்த் துடைத்துவிட்டேன்.

டீச்சர் மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்தது வேறு. வண்டியை விட்டு இறங்கி வந்தபோது அவர் முகம் நான் பார்த்திராத முகமாக இருந்தது.

"மறந்துட்டே. சரி. மனுஷன்தானே, மறப்பே. பத்து நாள் ஏன் சொல்லலை? பத்து நாளும் இவருக்கு ஒவ்வொரு வாய் ஊட்டும்போதும் என் காலை வெட்டிப் போடணும்னு நினைச்சேன். தெரியுமா உனக்கு?"

தம்பி குனிந்து நின்றார்.

"இனிமே என் வண்டியை உன் கையால தொடாதே."

"சரிங்க டீச்சர்."

வண்டியை விற்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சாவியைத் தானே வைத்துக்கொண்டார். ஐயாவை முன்னிருக்கையில் ஏற்ற நானும் ஒரு கை கொடுத்தேன். இஞ்சின்காரர் கட்டைகளை எடுத்தார். டீச்சர் சரிவின் உச்சியில் ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார். பிறகு தானே ஓட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் திரும்பினார். கார் மறையும்வரை தம்பி பார்த்துக்கொண்டே நின்றார். பத்து நாளாக ஆடிக்கொண்டிருந்த அந்த வலது கால் அப்போது ஆடவில்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "இன்னையோட சரி. தங்கச்சியும் பிள்ளையும் மேல இருக்கட்டும். நீ எங்கேயாவது ஒரு வேலையைத் தேடிக்கிட்டு, அப்புறமா வந்து கூட்டிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பி மேலே போனார். நாங்கள் சண்டைச் சத்தத்தை எதிர்பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு பையோடு இறங்கி வந்தார். படியின் மேலே அவர் மனைவி நின்றிருந்தாள். அன்றைக்கென்று அவளுக்கு வாயில் ஒரு சொல்லும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இஞ்சின்காரர் கட்டிப்பிடிக்கப் போய், கை முழுக்கக் கிரீஸ் என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். "போனதும் ஃபோன் பண்ணுடா" என்றார். 

மூன்று மாதம் கழித்து, தொலைவில் ஒரு பஸ் டிப்போவில் வேலை கிடைத்ததாகவும் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். அழைத்துப்போக வந்த அன்றைக்கு நான் வேலையில் இல்லை. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை.

அன்று பையோடு வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி, நான் நின்ற இடத்துக்கு வேகமாக வந்தார். ஏதோ விடைபெறத்தான் வருகிறார் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, உள்ளே வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"அக்கா, அந்தப் பச்சை வண்டியில பின்சக்கரத்து நட்டு கையாலதான் திருகி வச்சிருக்கேன், இன்னும் முடுக்கலை. நான் போனதும் யாராவது தெரியாம வண்டியை எடுத்துடுவாங்க. இஞ்சின் அண்ணன் வந்து முடுக்குற வரைக்கும் அது முன்னாடியே நில்லுங்க."